மூக்கைப் பிடிக்காமல் ஒரு மடக்கு

விஸ்கிக்கு ஆங்கிலத்தில் எத்தனை எழுத்து? ஸ்காட்லாந்துக்காரரைக் கேட்டால் ஆறு என்பார். அயர்லாந்துக்காரரைக் கேட்டால் ஏழு. கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு 'ஈ' போடுவது அயர்லாந்து வழக்கம். (பெயரில்தான் ஸார், பாட்டிலில் அல்ல!) நம்ம ஊர்க்காரரைக் கேட்டால், "எழுத்தா? குவார்ட்டர் என்ன வெலைன்னு கேளுங்க, சொல்றேன்" என்பார்.

ஒரு எழுத்துதானே என்று விட்டுவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் டப்ளின்காரர்கள், 'எங்கள் சரக்கு வேறு, அவர்கள் சரக்கு வேறு' என்று காட்டுவதற்காகவே அந்த 'ஈ'யைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் விடவில்லை. விஸ்கி என்ற வார்த்தையே அவர்களுடைய கேலிக் மொழியில் 'இஷ்கெ பாஹா' என்பதிலிருந்து வந்ததாம். அர்த்தம், உயிர்த் தண்ணீர். நம் பாட்டில்களில் அச்சடித்திருக்கும் எச்சரிக்கை இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. இரண்டில் எது சரி என்று நம் தெருவில் நாலு வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆகவே இந்த வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் கடைக்குக் கிளம்ப வேண்டாம். நான் சொல்லப்போவது குடிப்பதைப் பற்றி அல்ல, ருசி பார்ப்பதைப் பற்றி. இரண்டும் ஒன்று என்று நினைப்பதுதான் நம் ஊரின் வியாதி என்பது என் கட்சி.

என் அக்கா மகன் டப்ளினில் கம்ப்யூட்டர் உத்தியோகம். சென்ற பொங்கலுக்குப் பெண்டாட்டியோடு வந்திருந்தான். ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பது சுங்க இலாகாவின் கருணை. பாட்டில் 700 மில்லி. ஆக, ஆளுக்கு இரண்டு. தன் பங்கு இரண்டோடு நிறுத்தாமல், வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத பெண்டாட்டியின் பங்கிலும் இரண்டு வாங்கிவிட்டான். "எனக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்க மனசு வந்துச்சா, கேளுங்க சித்தப்பா" என்று அந்தப் பெண் என்னிடம் முறையிட்டது. நாலும் நாலு ரகம். "மாமா, ஒரே சாயங்காலத்துல அயர்லாந்து பூராவும் சுத்திக் காட்டுறேன்" என்றான்.

அக்கா வீடு சோழவந்தானில். வீட்டுக்குள் பாட்டில் வரக்கூடாது என்பது அக்காவின் சட்டம். சட்டத்துக்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறது. எனவே அயர்லாந்து சுற்றுலா தென்னந்தோப்பில், பம்புசெட் ரூமுக்கு வெளியே, கயிற்றுக்கட்டிலில் நடந்தது. ஒரு பக்கம் வெற்றிலைக் கொடிக்கால், மறு பக்கம் பால் பிடிக்கிற பருவத்தில் நெல்.

மாப்பிள்ளை சாக்ஸுக்குள் சுருட்டிக் கொண்டுவந்த கிளாஸ்களை எடுத்தான். அடி பெருத்து வாய் குறுகி, கிட்டத்தட்ட மண் கலயத்தின் பேரப்பிள்ளை மாதிரி இருந்தன. வாசனை வெளியே ஓடிவிடாமல் மூக்குக்கு வருவதற்காக அந்த வடிவமாம். சோடா கூடாது. ஐஸ் கூடாது. வெஞ்சனம் கடைசியில்தான். முதலில் மோந்து பார்க்க வேண்டும். பிறகு ஒரு சொட்டு நாக்கில். பிறகு ரெண்டு சொட்டு தண்ணீர் விட்டு மறுபடி மூக்கு. ஊற்றியது இங்க் பில்லர் கணக்கு. "இதுக்கா மாப்ள தோப்புக்கு வந்தோம்? வீட்லயே மருந்து மாதிரி குடுத்திருக்கலாமே" என்றேன்.

முதலில் பாடம். பார்லியை ஊறப்போட்டு, முளை விடவைத்து, முளை நீளுவதற்குள் சூட்டில் காயவைத்து நிறுத்துவார்கள். அதுதான் மால்ட். சோழவந்தான்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, மூட்டம் போட்டு, முளை எட்டிப்பார்த்ததும் நாற்றங்காலுக்குக் கொண்டுபோகிற அதே கதை. கேழ்வரகை முளைகட்டி வறுத்துக் குழந்தைக்குக் கஞ்சி போடும் அம்மாக்களும் பாதி விஸ்கி இன்ஜினீயர்கள்தான். முளைக்கும்போது தானியத்தில் இருக்கும் மாவு சர்க்கரையாக மாறத் தயாராகிறது. சர்க்கரை இருந்தால் ஈஸ்ட் வரும், ஈஸ்ட் வந்தால் போதை வரும்.

முதல் பாட்டில் புஷ்மில்ஸ் 10 வருஷம். முழுக்க முளைகட்டிய பார்லி, ஒரே வடிசாலை, அதனால் சிங்கிள் மால்ட். அந்த வட்டாரத்தில் காய்ச்சிக்கொள்ள 1608ல் இங்கிலாந்து ராஜா ஒருவருக்கு லைசென்ஸ் கொடுத்தார் என்பதை வைத்து, லேபிளில் அந்த வருஷத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். கம்பெனி வந்தது 1784ல்தான். (பரம்பரை வைத்தியசாலை போர்டில் வருஷம் போடுவதில் உலகம் முழுக்க ஒரே பழக்கம்!) மூன்று தடவை வடிக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் இரண்டோடு நிறுத்துவார்கள். மூன்று தடவை வடித்ததால் முரட்டுத்தனம் போய், தேனும் பழுத்த பழமுமாக ஒரு வாசனை. நல்ல பிள்ளை. சம்பந்தம் பேசலாம்.

இரண்டாவது டீலிங், சிங்கிள் கிரெய்ன். பெரும்பாலும் மக்காச்சோளம். கலிஃபோர்னியா சிவப்பு ஒயின் வைத்திருந்த பீப்பாயில் ஊறியது. சோளப்பொரியும் ஜாமும் கலந்த மாதிரி தித்திப்பு. லேசாக வந்து லேசாகப் போய்விட்டது. இதன் பின்னால் இருக்கும் ஆசாமிதான் சுவாரஸ்யம்.

பெயர் ஏனியாஸ் காஃபி. ஃபில்டர் காபிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அயர்லாந்தில் கலால் இலாகா உத்தியோகம். கள்ளத்தனமாகக் காய்ச்சுகிறவர்களைப் பிடிப்பது வேலை. 1810ல் டொனெகால் பக்கம் ரெய்டு போன இடத்தில் ஊர் கூடி அடித்து, துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்திப்போட்டார்கள். உசிலம்பட்டி பக்கம் அந்தக் காலத்தில் ரெய்டு போன ரிட்டயர்டு ஏட்டுகளுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. காஃபி பிழைத்து, இலாகாவின் தலைமைப் பதவிவரை ஏறி, 1824ல் வேலையை விட்டார். விட்டுவிட்டுச் சும்மா இருந்தாரா? 1830ல், சரக்கு வடிப்பதற்கே ஒரு மெஷின் செய்து பேடன்ட் வாங்கிவிட்டார்!

பழைய செம்புப் பானையில் வடிப்பது இட்லி அவிப்பது மாதிரி. ஒரு ஈடு வேகவேண்டும், இறக்கவேண்டும், கழுவவேண்டும், அடுத்த ஈடு. காஃபியின் மெஷின் இரண்டு உயரமான தூண்கள். மேலிருந்து புளித்த ஊறல் இறங்கும், கீழிருந்து நீராவி ஏறும். இடைவேளையே கிடையாது. ராப்பகலாக ஓடும். செலவு கம்மி. சாராயமும் ஏறக்குறைய சுத்தமாக, 94, 95 சதவீதம் வரை ஏறி வரும். அந்தச் சுத்தம்தான் தகராறு. அழுக்கோடு சேர்த்து வாசனையையும் துவைத்து எடுத்துவிட்டது மெஷின்.

டப்ளின் முதலாளிகள், "இது சாராயம், விஸ்கி இல்லை" என்று ஒதுக்கினார்கள். தன் ஊர்க்காரன் கண்டுபிடித்ததை ஊரே ஒதுக்கியது; பக்கத்து ஸ்காட்லாந்துக்காரன் வாரி அணைத்துக்கொண்டான். மெஷின் சரக்கையும் பானைச் சரக்கையும் கலந்து உலகம் முழுவதும் விற்றான். 1870களின் கடைசியில் ஜேம்ஸன், பவர் உள்ளிட்ட நாலு டப்ளின் குடும்பங்கள் சேர்ந்து, 'எது விஸ்கி' என்று ஒரு புத்தகமே போட்டுக் கத்திப் பார்த்தன. 1909ல் லண்டன் ராயல் கமிஷன், மெஷின் சரக்கும் விஸ்கியே என்று தீர்ப்பு எழுதிவிட்டது. அப்புறம் 1920லிருந்து 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. நடுவில் அயர்லாந்து சுதந்திரம், பிரிட்டனோடு வர்த்தகச் சண்டை. அடி மேல் அடி. 1966ல் மிச்சமிருந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். 1970களின் நடுவில் தீவு முழுவதற்கும் புஷ்மில்ஸ், மிடில்டன் என்று இரண்டே இரண்டு ஊரில்தான் அடுப்பு எரிந்தது. இன்றைக்கு 40க்கு மேல் ஆகிவிட்டது என்கிறான் மாப்பிள்ளை. பெருமைதான், ஏதோ இவனே மூட்டிவிட்ட மாதிரி.

மூன்றாவது பாட்டில் ஜேம்ஸன். பானைச் சரக்கும் மெஷின் சரக்கும் கலந்த கலப்பு. ஆமாம் ஸார், மெஷினை எதிர்த்துப் புத்தகம் போட்ட அதே ஜேம்ஸன். இன்று உலகத்திலேயே அதிகமாக விற்கும் ஐரிஷ் விஸ்கி அதுதான். (முதல் ஜேம்ஸன் ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்கவந்தவர் என்பது உபரித் தகவல்.) கும்பகோணம் டிகிரி காபியில் சிக்கரி கலந்த மாதிரி. குறை சொல்ல முடியாது, கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசவும் ஒன்றுமில்லை.

நாலாவது பாட்டிலைத் திறக்கும்போதுதான் சின்ன அத்தான் வந்தார்.

அத்தானுடைய தம்பி. மோட்டார் போட வந்தவர். அக்கா சட்டத்துக்குக் காரணம் இவர்தான். ஒரு காலத்தில் காலையில் ஒன்று, மாலையில் ரெண்டு குவார்ட்டர். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, மதுரையில் ஒரு டாக்டர், "இன்னொரு கிளாஸ் குடிச்சா இங்க வராதீங்க, நேரா அங்கிட்டு போயிருங்க" என்று தத்தனேரிப் பக்கம் கையைக் காட்டி 11 வருஷம் ஆகிறது. அன்றோடு நிறுத்தினவர். அக்காதான் ஆறு மாதம் கஞ்சி வைத்துக் கொடுத்துத் தேற்றினாள். மாப்பிள்ளை பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளப் பார்த்தான்.

"ஒளிக்காதடா. நெல்லு வாசம் அடிக்குது, எதுலருந்து?" என்றார்.

நாங்கள் பேசவில்லை. அவராகவே கிளாஸை எடுத்தார். எனக்கு வயிற்றில் என்னமோ பண்ணியது. வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அக்கா பின்கட்டு வாசலில் முறத்தோடு நின்றுகொண்டிருந்தாள், புடைக்காமல்.

அவர் மூக்குக்குக் கிட்டே வைத்து, கண்ணை மூடி, இரண்டு தடவை இழுத்தார். "பச்சை நெல்லு. அறுத்துக் களத்துல போட்ட அன்னிக்கு ராத்திரி அடிக்குமே, அது. கூட கிராம்பு. கொஞ்சம் செக்கு எண்ணெய்."

மாப்பிள்ளை வாயைப் பிளந்தான். அந்த நாலாவது பாட்டில் கிரீன் ஸ்பாட். 'பாட் ஸ்டில்' என்று அயர்லாந்துக்கே உரிய ரகம். முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பச்சைப் பார்லியையும் சேர்த்துப் பானையில் வடிப்பது. இரண்டும் குறைந்தது 30 சதவீதமாவது இருக்கவேண்டும் என்று இன்றைய விதி. ஏன் பச்சைப் பார்லி? வரி! 1785ல் அரசாங்கம் மால்ட்டுக்கு வரி போட்டது. முளைகட்டினால்தானே வரி, முளைகட்டாமலே போடு என்று ஆரம்பித்தார்கள். வரிக்குப் பயந்து செய்த காரியத்தில் ஒரு ருசி மாட்டிக்கொண்டது. எண்ணெய் மாதிரி வழவழப்பு, கிராம்பு மாதிரி காரம், பச்சைத் தானிய வாசனை. புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை, ஏழாம் வகுப்போடு நிறுத்தின ஒரு சம்சாரி மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டார்.

'ஸ்பாட்' என்ற பெயரும் ரொம்ப சாதாரணம். டப்ளினில் மிட்செல் என்ற ஒயின் வியாபாரி, பீப்பாய்க்கு வயசு தெரிவதற்காகப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்தார். 7 வருஷத்துக்கு நீலம், 10க்குப் பச்சை, 12க்கு மஞ்சள், 15க்குச் சிவப்பு. மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசி அடையாளம் பார்க்கிற நமக்கு இது சுலபமாகப் புரியும்.

சின்ன அத்தான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். குடிக்கவில்லை. வீட்டுப் பக்கம் முறம் புடைக்கிற சத்தம் மறுபடி கேட்டது.

"இருவது வருஷம் குடிச்சிருக்கேன் மச்சான். ஒரு நாள்கூட மோந்து பாத்ததில்ல. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கு, உடனே ஊறுகாய். வாசம் தெரிஞ்சா வாந்தி வந்துரும்ல" என்றார்.

ஒப்பிடுவதற்கென்று மாப்பிள்ளை உள்ளூர்க் குவார்ட்டர் ஒன்றும் வாங்கிவைத்திருந்தான். அதையும் அதே ஜாதிக் கிளாஸில் ஊற்றினோம். பிராண்ட் பெயர் வேண்டாம். எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. சின்ன அத்தான் மோந்து பார்த்தார். "ஊசி போடுறதுக்கு முன்னாடி பஞ்சுல தடவுவாகளே, அது. கடைசியில கருகின சீனி."

இதிலும் மூக்கு தப்பவில்லை. நம் நாட்டில் 'விஸ்கி' என்று மலிவாக விற்பதில் பெரும்பகுதி தானியத்தையே பார்க்காதது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சீனியை எடுத்தபின் மிஞ்சுகிற கறுப்பு மொலாசஸ்தான் மூலதனம். அலங்காநல்லூர் கூட்டுறவு ஆலை ஓடிக்கொண்டிருந்த நாட்களில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த வாசனை ஞாபகம் இருக்கும். அதைப் புளிக்கவைத்து, காஃபி மெஷினின் கொள்ளுப்பேரன்களில் ஏற்றி, ஒரு ருசியும் மிஞ்சாத அளவுக்கு வடித்து, தண்ணீர் விட்டு 42.8 சதவீதத்துக்கு இறக்கி, கேரமல் நிறம், எசன்ஸ், மனசிருந்தால் கொஞ்சம் மால்ட். சில ஆலைகளில் குருணை அரிசியும் உண்டு, அது வேறு விஷயம். ஐரிஷ் சட்டத்தில் மரப்பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் உறங்கவேண்டும். நம்முடையதற்கு உறக்கமே கிடையாது. குடிக்கிறவர்தான் உறங்குவார், பஸ் ஸ்டாண்டில். மொலாசஸ் சரக்கை விஸ்கி என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்கவே முடியாது. ரம் ஜாதி என்று ஒதுக்கிவிடுவார்கள்.

நம்மால் முடியாது என்றும் இல்லை. 2004ல் பெங்களூர் அம்ருத் கம்பெனி, பார்லி மால்ட்டில் செய்த சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் இறக்கியது. அயர்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு 2 சதவீதம் ஆவியாகும். அதைத் 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். பெங்களூரில் 10 சதவீதத்துக்கும் மேல். மதுரை சித்திரை வெயிலில் வைத்தால், அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் தேவதைகள் பீப்பாயையும் சேர்த்துக் கடித்துவிடும்.

எனக்கு ஆத்திரம் வருவது இன்னொரு இடத்தில். மரத்துக்கு மரம், மண்ணுக்கு மண், காலை இறக்கினதற்கும் மத்தியானம் இறக்கினதற்கும் ருசி மாறுகிற ஒரு பானம் நம்மிடம் இருந்தது. பனங்கள், தென்னங்கள். 1987லிருந்து தமிழ்நாட்டில் அது குற்றம். செங்கோட்டையைத் தாண்டிக் கேரளாவுக்குள் போனால் குற்றமில்லை. ருசியே இல்லாத மொலாசஸ் சாராயத்தை 2003லிருந்து அரசாங்கமே கடை போட்டு விற்கிறது. கள் நல்லது, எல்லோரும் குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதிலும் குடி கெட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எதைத் தடுத்தோம், எதை விற்கிறோம் என்று ஒரு தடவையாவது மோந்து பார்த்து முடிவு செய்தார்களா என்பதுதான் என் கேள்வி.

சின்ன அத்தான் கேட்டதும் கிட்டத்தட்ட அதேதான். மாப்பிள்ளை எல்லாம் விளக்கி முடித்ததும், "அப்ப நான் குடிச்சது விஸ்கியே இல்லையா?" என்றார்.

"இல்ல சித்தப்பா."

"பதினோரு வருஷமா விஸ்கியை விட்டுட்டேன் விட்டுட்டேன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். இம்புட்டு நாளும் அதுவும் பொய்யா?" என்று சிரித்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்பப் போனார்.

அக்கா ஒரு தூக்குவாளியில் நெத்திலிக் கருவாட்டு வறுவலும், பிளாஸ்கில் காபியும் கொடுத்து அனுப்பியிருந்தாள். காபியை முதலில் அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்பது கூடவே வந்த உத்தரவு. மாப்பிள்ளை அந்த டம்ளரையும் மூக்குக்குக் கொண்டுபோனான். ஆறிவிடும் என்று நான்தான் பிடுங்கிக்கொண்டு வரப்பில் நடந்தேன்.